ஸ்டெப்னி இல்லாத மின்சார காரில் பஞ்சர்: முதலில் காற்று, கடைசியில் சீலன்ட்

புது மின்சார காரின் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது ஸ்டெப்னியை. பல மாடல்களில் அது இருக்காது. ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 போன்ற கார்களில் அதற்குப் பதில் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸரும், ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் சீலன்ட் திரவப் புட்டி ஒன்றும் வைத்திருப்பார்கள். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களிலும் ஸ்டெப்னி கிடையாது. சட்டமும் இதை அனுமதிக்கிறது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் டி.பி.எம்.எஸ்., டயர் ரிப்பேர் கிட் ஆகிய மூன்றும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். மின்சார வண்டிகளில் பேட்டரிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்த ஏற்பாட்டோடு வாழ முடியும். ஆனால் கிட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே டயருக்குள் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் செலவும் அலைச்சலும் அதிகம். முதலில் காற்று, அடுத்து ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப், அதுவும் முடியாவிட்டால் சீலன்ட், எதுவும் பலிக்காத சேதமென்றால் நேராக, காரை முழுதாக மேலே ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் வண்டி. இந்த வரிசை மனதில் இருந்தால் பெரும்பாலான பஞ்சர்களை அரை மணி நேரத்துக்குள் சமாளித்துவிடலாம். இதைவிட முக்கியமானது, மின்சார காரைத் தப்பான இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்குவதும் தப்பான விதத்தில் கட்டி இழுப்பதும் பஞ்சரைவிடப் பல மடங்கு பெரிய சேதத்தைக் கொண்டுவரும் என்பது.

ஓடும்போது காற்று இறங்கினால்

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி மெதுவாக வேகம் குறையும். மின்சார காரில் ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் வசதி) அதிகமாக வைத்திருந்தால், காலைச் சட்டென்று எடுப்பதே பிரேக் அடிப்பதற்குச் சமம். அந்த பிரேக் மோட்டார் இருக்கும் அச்சில் மட்டும் விழுகிறது. பின்சக்கர இழுவை வண்டியில் பின்டயரில் காற்று இறங்கியிருக்கும் நேரத்தில் இப்படிச் செய்தால் வண்டியின் பின்பக்கம் அலையும். அதனால் காலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். ஸ்டீயரிங்கை இறுக்கமாகவும் நேராகவும் பிடித்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஹஸார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். நாலுவழிச் சாலையில் அதற்கும் கூடுதலாக. கூட வந்தவர்கள் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு வெளியே நிற்கட்டும். வெயிலோ மழையோ, சாலையோரத்தில் நிற்கும் காருக்குள் உட்காரக் கூடாது. டோல் பிளாசா, பங்க் போன்ற இடத்துக்குள் வந்துவிட்டால் ஏசி போட்டுத் தாராளமாக உட்காரலாம். ஏசி மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்டுக்கு மேல் இழுக்காது. 45 யூனிட் பேட்டரியில் அது ஏறக்குறைய 3 சதவீதம்.

நிற்க இடமில்லை என்று தட்டையான டயரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலே போதும், டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி உள்ளே கிழிந்துவிடும். மின்சார கார் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட இருநூறு, முந்நூறு கிலோ எடை கூடுதல். ஐயோனிக் 5 மாதிரியான வண்டிகள் 2 டன்னை நெருங்குகின்றன. பத்து நிமிடத்தில் அடைத்திருக்கக்கூடிய ஓர் ஆணி ஓட்டை, புது டயர் வாங்கும் செலவாக மாறுவது இப்படித்தான்.

எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்

டி.பி.எம்.எஸ். ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் காட்டும் வண்டியென்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஓடிச் சூடான டயரில் 3, 4 பி.எஸ்.ஐ. ஏறியிருப்பது இயல்பு. ஆகவே பார்க்க வேண்டியது அதே அச்சில் உள்ள மற்ற டயரின் எண்ணோடு உள்ள வித்தியாசம். ஒன்று 39, மற்றது 31 என்றால் அந்த 31 ஆணி ஏறிய டயர். எண் காட்டாமல் வெறும் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் வண்டிகளில் கையில் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

டயரைச் சுற்றிப் பார்த்து ஆணியோ திருகோ தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். அது உள்ளே இருக்கும்வரை அதுவே ஓட்டையைப் பாதி அடைத்திருக்கிறது. கம்ப்ரஸரை மாட்டி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றேற்றுங்கள். அதற்கு முன் வண்டி ரெடி நிலையில், அதாவது ஆன் ஆகி ஓட்டத் தயாராக, இருக்க வேண்டும். கம்ப்ரஸர் 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடுகிறது. வண்டி அணைந்திருந்தால் சின்னத் துணை பேட்டரி மட்டும் கரையும். அது இறங்கிவிட்டால், கீழே பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழும்பாது, நியூட்ரலுக்குக்கூட மாறாது. ரெடியில் இருக்கும் மின்சார கார் சத்தமே போடாது என்பதால் கியரை பி-யில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, ஓட்டுநர் இருக்கையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன கம்ப்ரஸரைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். பெரிய டயரை அடியிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தால் நடுவில் ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

காற்று ஏறியதும் ஐந்து நிமிடம் காத்திருந்து எண்ணைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ. இறங்குகிறது என்று வையுங்கள். 36-லிருந்து 28-க்கு வர நாற்பது நிமிடம் ஆகும். 60 வேகத்தில் போனால் அது 40 கிலோமீட்டர். சென்னை–திருச்சி சாலையில் அந்தத் தூரத்துக்குள் லாரி டயர் பார்க்கும் பஞ்சர் கடை ஒன்றாவது இருக்கும். ஓட்டும்போது எடையும் சூடும் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் கணக்கில் பாதியை நம்பிப் புறப்படுங்கள். 28-க்குக் கீழே போனால் நிறுத்தி மறுபடி காற்றேற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ. இறங்கினால் நின்ற இடத்திலேயே ஸ்ட்ரிப் போட வேண்டும். ஏற்ற ஏற்ற இறங்கினாலோ, பக்கச்சுவரிலிருந்து சீறல் கேட்டாலோ வேறு எதையும் முயல வேண்டாம், ஃபிளாட்பெட்டைக் கூப்பிடுங்கள்.

ஸ்ட்ரிப் போடுவது

டியூப்லெஸ் பஞ்சர் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடி வேண்டாம். மின்சார கார்களுக்கு வரும், கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் டயர்கள் தடித்தவை. ஊசியை உள்ளே தள்ளும்போது பிளாஸ்டிக் கைப்பிடி உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும். டி வடிவ இரும்புக் கைப்பிடி உள்ள அரம், அதே மாதிரி கண் வைத்த ஊசி, பத்து ஸ்ட்ரிப், ஒரு சொல்யூஷன் டியூப், நல்ல கட்டிங் பிளையர், ஒரு பிளேடு, கையுறை. இவ்வளவு போதும். சொல்யூஷன் டியூப்பை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் காய்ந்துவிடும், அதை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள்.

சக்கரத்தைக் கழற்றாமலே இதைச் செய்துவிடலாம். முன்டயர் என்றால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்புங்கள், சாலையைத் தொடும் ஓடுதளம் வெளியே வந்துவிடும். பின்டயர் என்றால் முதலில் காற்றேற்றி, ஒருவர் வெளியே நின்று பார்க்க, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி ஆணி கைக்கு எட்டும் உயரத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். அரை மீட்டர் நகர்ந்தால் டயர் கிட்டத்தட்ட கால் சுற்று சுற்றும். நிறுத்திய பிறகு பார்க்கிங் பிரேக் போட்டு வண்டியை அணைத்துவிடுங்கள். ஜாக்கியே தேவைப்படாத இந்த வழிதான் மின்சார காருக்குப் பாதுகாப்பானது.

டயரில் 15, 20 பி.எஸ்.ஐ. காற்றாவது இருக்கட்டும். காற்றில்லாத டயர் உள்வாங்கிக்கொண்டே போகும், அரம் இறங்காது. ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று கவனித்து, அதே சாய்வில் பிடுங்குங்கள். பிடுங்கிய கையோடு சொல்யூஷன் தடவிய அரத்தை அதே சாய்வில் செலுத்தி, பத்துத் தடவையாவது முன்னும் பின்னும் இழுங்கள். டயருக்குள் இருக்கும் எஃகு இழைகளின் முனைகள் ஓட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அரம் மழுக்காவிட்டால் அவையே ஸ்ட்ரிப்பை நாளடைவில் அறுத்துவிடும். பலருடைய ஸ்ட்ரிப் நூறு கிலோமீட்டரில் கசிவதற்கு இந்த அவசரந்தான் காரணம். அடுத்து, ஊசிக் கண்ணில் ஸ்ட்ரிப்பை நடுவாகக் கோத்து, சொல்யூஷன் பூசி, வெளியே ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் மிஞ்சும்வரை தள்ளுங்கள். ஊசியைத் திருகாமல் வெடுக்கென்று நேராக வெளியே இழுங்கள். ஸ்ட்ரிப் உள்ளேயே நின்றுவிடும். மிஞ்சியதை 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், இழுத்து வெட்டாதீர்கள். முழு அளவுக்குக் காற்றேற்றி, குடிதண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். நுரை கட்டினால் இன்னொரு ஸ்ட்ரிப் அதே ஓட்டையில் போடலாம். அதற்கும் கட்டினால் ஓட்டை பெரிது.

எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் வரை, அதுவும் ஓடுதளத்தில் மட்டும். தோளிலும் (ஓடுதளமும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) பக்கச்சுவரிலும் ஸ்ட்ரிப் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரியும் பகுதி. அங்கே எந்த அடைப்பும் நிலைக்காது. இரண்டு டன் வண்டியில் நூறு வேகத்தில் அது பிதுங்கி வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரிப் போட்ட டயரை ஊர் வந்ததும் ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கம் கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டியிருந்தாலோ, பக்கச்சுவரில் வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தாலோ, டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. அதை நம்பக் கூடாது. சுத்தமாக இருந்தால் உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்கும் தண்டும் உள்சுவரை மூடும் தொப்பியும் ஒன்றாக இருக்கும் அதுதான் நிலையான ரிப்பேர். சில மின்சார கார் டயர்களில் சத்தம் குறைக்க உள்ளே நுரைப்பட்டை ஒட்டியிருப்பார்கள். பேட்ச் போடும் இடத்தில் மட்டும் அதை வெட்டி எடுக்க வேண்டும். கடைக்காரருக்கு இது புதிது என்றால், முழுதாகப் பிய்த்துப் போட்டுவிடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

சீலன்ட் ஏன் கடைசி

சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால் கலந்த திரவம். ஒருமுறைதான் பயன்படும். ஹூண்டாய், கியா கிட்டுகள் 4 மில்லிமீட்டர் ஓட்டை வரைதான் அடைக்கும். ஏற்றிய பிறகு 80 வேகத்தைத் தாண்டக் கூடாது, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. டயருக்குள் இந்த ஈரம் ஏறிவிட்டால் பிறகு ஸ்ட்ரிப் சரியாகப் பிடிக்காது. வால்வோடு இருக்கும் டி.பி.எம்.எஸ். சென்சாரைத் துடைத்தெடுக்க வேண்டும், சக்கரத்தின் பேலன்ஸும் கெடும், நுரைப்பட்டை இருந்தால் அது திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். கழற்றிக் கழுவ மறுக்கும் பஞ்சர் கடைகளும் உண்டு. கொட்டும் மழை, இருட்டு, தனியாக ஓட்டி வருபவர், ஸ்ட்ரிப் போடத் தெம்பில்லாதவர் என்றால் சீலன்ட்டே சரியான வழி, தயங்க வேண்டாம்.

வால்வு கீழே தரையருகில் வராமல் பக்கவாட்டில் நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள். புட்டியை நன்றாகக் குலுக்கி மாட்டி, கம்ப்ரஸரை ஓடவிடுங்கள். முதல் அரை நிமிடம் கேஜ் முள் 70 பி.எஸ்.ஐ.-யைக்கூடத் தாண்டும். திரவம் வால்வு வழியாக நெருக்கிக்கொண்டு போவதால் வரும் எண் அது. பயந்து நிறுத்திவிடாதீர்கள், தானாக இறங்கும். பத்து நிமிடத்தில் அளவை எட்டினால் அந்த நொடியே புறப்பட வேண்டும். நின்றுகொண்டிருந்தால் திரவம் அடியில் தேங்கிவிடும், ஓட்டை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. 7, 10 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி அழுத்தம் பாருங்கள். 19 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இறங்கியிருந்தால் அத்தோடு பயணத்தை நிறுத்திவிடுங்கள். நன்றாக நின்றிருந்தால் குறைந்ததை நிரப்பிக்கொண்டு நேராக டயர் கடைக்குப் போங்கள்.

புட்டியில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள். நான்கைந்து வருடம் தாங்கும். பழைய மின்சார கார் வாங்குபவர்கள் முதலில் இதைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஜாக்கி எங்கே வைப்பது

மின்சார காரின் அடியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தெரியும் தட்டையான பகுதி முழுவதும் பேட்டரிப் பெட்டி. பஞ்சர் கடைத் தம்பி வழக்கமாக டிராலி ஜாக்கியைத் தள்ளுவது அங்கேதான். பெட்ரோல் காரில் அந்த இடத்தில் ஏதோ ஒரு சட்டம் இருக்கும், தாங்கிவிடும். இங்கே பெட்டியின் அடித்தகடு பள்ளமானால் உள்ளே கூலன்ட் ஓடும் தகடு கசியலாம், மின்காப்பு கெட்டு வண்டியே நின்றுபோகலாம். வெளியிலிருந்து விழுந்த அடி என்று சொல்லி வாரன்டியும் கைவிரிக்கும். செலவு லட்சங்களில் போகும்.

ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கதவுக்குக் கீழ் விளிம்பில் ஜாக்கி வைக்கும் இடத்தை அம்புக்குறியோ வெட்டோ காட்டும். டெஸ்லாவில் அடியில் துளைகள் இருக்கின்றன, அதில் பொருந்தும் ரப்பர்க் கட்டையை வைத்துத்தான் தூக்க வேண்டும். வீட்டில் நிதானமாக இருக்கும்போது குனிந்து பார்த்து, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படத்தைக் காட்டி, "அண்ணே, நடுவில பேட்டரி இருக்கு, இந்த இடத்துல மட்டும் வைங்க" என்று சொல்லி, ஜாக்கி ஏறும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். தூக்கும்போது வண்டி அணைந்திருக்க வேண்டும், சாவி வைத்திருப்பவர் தள்ளி நிற்க வேண்டும். குறுக்கே எதிர்ப்புறச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள்.

சக்கரத்தைத் திருப்பி மாட்டும்போது நட்டை ஏர் கன்னால் இறுக்கி முடித்துவிடுவார்கள். நட்டை இறுக்க வேண்டிய அளவு ஐயோனிக் 5-க்கு 107 முதல் 127 நியூட்டன் மீட்டர், டெஸ்லா மாடல் 3-க்கு 175. இந்த அளவு பார்த்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் இல்லாத கடையில் கையால் இறுக்கச் சொல்லி, ஐம்பது, நூறு கிலோமீட்டர் போனதும் ஒருமுறை சரிபாருங்கள். திருட்டைத் தடுக்கும் தனி நட்டு இருந்தால் அதன் சாவி வண்டியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது வீட்டில் இருந்தால் எந்தக் கடையாலும் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

கட்டி இழுக்க விடாதீர்கள்

தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைக்கலாம். கம்பெனியின் சாலை உதவி எண்ணோ இன்ஷூரன்ஸ் உதவி எண்ணோ இருந்தால் அதையும் சேர்த்தே அழைத்துவிடுங்கள். அழைத்த உடன் சொல்ல வேண்டியது: மின்சார கார், எந்தச் சக்கர இழுவை, எந்த டயர் போயிருக்கிறது, ஃபிளாட்பெட் மட்டும்தான் வேண்டும். சொல்லாவிட்டால் முன்பக்கத்தைக் கொக்கியில் தூக்கி இழுக்கும் வண்டி வந்து நிற்கும்.

காந்த மோட்டார் உள்ள காரில், வண்டி அணைந்திருந்தாலும், சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். பின்சக்கர இழுவை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் சூடேறிக் கெடக்கூடும். நான்கு சக்கர இழுவையில் எந்தப் பக்கம் தூக்கினாலும் இதே கதி. ஃபிளாட்பெட்டில் ஏற்றும்போது நியூட்ரலுக்கு மாற்ற 12 வோல்ட் தேவை, எனவே காத்திருக்கும் நேரத்தில் விளக்கு, பாட்டு என்று அதைக் கரைக்காதீர்கள். இழுவைக் கொக்கி கிட்டோடு இருக்கும். சிலவற்றில் மரை இடப்புறமாகத் திருகுவது. மேலே ஏற்றியதும் பட்டையைச் சக்கரத்தின் மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், சஸ்பென்ஷன் கையில் கட்ட வேண்டாம்.

நீண்ட பயணத்துக்கு ஸ்டெப்னி வாங்கலாமா

ஊருக்குள் ஓட்டுபவருக்குத் தேவையில்லை. சென்னையிலிருந்து கன்னியாகுமரி, கொடைக்கானல் என்று அடிக்கடி போகிறவர்கள் யோசிக்கலாம். நட்டுத் துளைகளின் அமைப்பு, நடுத்துளை, பிரேக் காலிபர் இடிக்காத அகலம், டயரின் மொத்த விட்டம் எல்லாம் பொருந்த வேண்டும். டிக்கியில் பட்டை போட்டுக் கட்டித்தான் வைக்க வேண்டும். பதினைந்து, இருபது கிலோ சக்கரம் விபத்தில் முன்னால் பறந்தால் பின் இருக்கையில் இருப்பவர்கள் மேல்தான் விழும். பொருந்தும் ஜாக்கியும் ஸ்பேனரும் வாங்காமல் சக்கரம் மட்டும் வாங்குவது வீண்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு வழி உண்டு. 19, 20 அங்குல டயர்கள் சின்ன ஊர்க் கடைகளில் இருப்பு இருக்காது. பள்ளத்தின் விளிம்பில் இடித்துப் பக்கச்சுவர் கிழிவதும் பக்கச்சுவர் உயரம் குறைந்த இந்த டயர்களில்தான் அதிகம். சென்னையிலோ கோவையிலோ உள்ள டயர் கடையில் பணம் கட்டி, இரவு ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னால் காலையில் மதுரையிலோ நெல்லையிலோ இறங்கிவிடும். டயர் அளவோடு லோட் இண்டெக்ஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 100 என்றால் 800, 103 என்றால் 875. அளவு ஒன்றாக இருந்தும் இந்த எண் குறைந்த டயரை விலை மலிவென்று மாட்டிவிட்டால் எடை கூடிய வண்டிக்கு அது தாங்காது. நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் மற்ற டயர்களின் தேய்மானத்தையும் அளந்து சொல்லுங்கள், டெஸ்லா 1.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. மற்றவை பாதி தேய்ந்திருந்தால் அந்த அச்சுக்கு இரண்டு டயராகவே வாங்க வேண்டிவரும், எனவே பார்சல் போடச் சொல்வதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.